பழைய படகில் புதிய வேகம்

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

“வேகம் வேண்டுமா? பெரிய இன்ஜினாக வாங்கு!” இது எங்கள் கடற்கரைக் குப்பத்தின் வேதவாக்கு. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த பணத்தோடு பழைய ஃபைபர் படகு தேடிப் புறப்பட்ட அப்பாவுடன் நானும் சென்றேன்.

நீரைப் பிளந்து செல்லும் படகு, தான் எழுப்பும் அலையிலேயே சிக்கிக்கொள்கிறது. நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள படகுக்கு அந்த எல்லை மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். அதைத் தாண்ட வேண்டுமானால் படகு மேலெழுந்து நீர்ப்பரப்பில் சறுக்க வேண்டும். அதற்குத் திறன் மட்டும் போதாது. எடையும் குறைய வேண்டும்.

முதலில் பார்த்த படகில் 40 குதிரைத்திறன் இன்ஜின் பளபளத்தது. அதைத் தாங்கும் பின்பலகையை நாணயத்தால் தட்டினேன். ஒருபுறம் ‘டக் டக்’. மறுபுறம் மந்த ஓசை. உள்ளே மரம் நீரில் ஊறி உளுத்திருந்தது! ஊறிய நீர் வேகத்தைத் தின்னும். பலகை நடுக்கடலில் பெயர்ந்தாலோ, உயிருக்கே ஆபத்து.

அடுத்த படகில் சாயம் மங்கியிருந்தது. இன்ஜினும் 25 குதிரைத்திறன்தான். ஆனால் எங்கு தட்டினாலும் ஒரே ஓசை. மெக்கானிக் அழுத்தமானி வைத்துப் பார்த்தார். இரண்டு சிலிண்டர்களிலும் அழுத்தம் ஏறக்குறைய சமம். விசிறி இலைகளிலும் வெட்டோ வளைவோ இல்லை. கடலில் ஓட்டிப் பார்த்தோம். படகு எளிதாக மேலெழுந்து சறுக்கியது.

“இதையே எடுத்துக்கலாம்டா” என்றார் அப்பா. மிச்சப் பணத்தை அன்றே அடகுக் கடையில் கட்டினோம்.

நண்பர்களே, பழைய படகு வாங்கும்போது முதலில் உடலைத் தட்டிப் பாருங்கள். இன்ஜினைப் பிறகு பார்க்கலாம்!