படியெடுத்தலே பாதுகாப்பு

ஓலைச்சுவடிக் காலத்திலே ஒரு நூலின் ஆயுள் அதன் படிகளின் தொகையைப் பொறுத்தே அமைந்தது. ஒருவர் வீட்டுப் பரணில் மட்டும் கிடந்த ஏடு செல்லுக்கு இரையாயிற்று. பலர் படியெடுத்து வைத்த ஏடு பிழைத்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்ற முடிந்தது, யாரோ சிலர் முன்னரே படியெடுத்து வைத்திருந்தமையால் அன்றோ!

தமிழ் கற்பிக்கும் யான் கணினியைப் பற்றி எழுதுவதேன் எனின், காரணம் உண்டு. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் மாசித் திங்களில் ஆடப்பெறும் காமன் கூத்தை என் மாணாக்கர் சிலர் கமராவிற் பதிந்து, கணினியிலே தொகுத்து வருகின்றனர். இரதி மதன் கதையை முழுதும் பாடவல்ல முதியோரோ குறைந்து வருகின்றனர். அவர்தம் குரல் தாங்கிய கோப்பு அழியுமாயின், அதனை மீட்டும் பெறுதல் யாங்ஙனம்?

இளைஞர்க்கு யான் வற்புறுத்துவன ஐந்து.

முதலாவது, ஒவ்வொரு பதிவிற்கும் மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேறோர் ஊரிலோ இணையச் சேமிப்பிலோ இருத்தல் வேண்டும். 2025 நவம்பரில் திட்வா புயலின்போது கண்டி மாவட்டத்து மண்சரிவுகள் வீடுகளையே விழுங்கின. ஒரே வீட்டில் வைத்த மூன்று படிகள் அத்தகைய நாளில் ஒரு படிக்கே சமம்.

இரண்டாவது, மூலக்கோப்பைத் திருத்தாதீர்கள். ஜேபெக் வடிவிலுள்ள படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் அதன் நுட்பம் தேயும். வேலை முடியுமளவும் அடுக்குகளோடு கூடிய வடிவிலேயே சித்திரத்தை வைத்திருத்தல் நன்று.

மூன்றாவது, மின்தடைக்கு ஆயத்தமாயிருங்கள். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இன்றியிருந்ததை மறந்தோமல்லோம். ஐந்து நிமிடத்துக்கொருமுறை தானே சேமிக்குமாறு மென்பொருளை அமைத்திடுக. யு.பி.எஸ். கருவி தருவது சில நிமிடங்களே. அவை வேலையைத் தொடர்வதற்கன்று, சேமித்து முறையாக அணைப்பதற்கு.

நான்காவது, கணினி தளருமாயின் உடனே புதியது வாங்க ஓடாதீர்கள். புரொக்சி எனப்படும் சிற்றளவுப் படிகளைக் கொண்டு தொகுத்து, இறுதியில் மூலத்தினின்று வெளியிடலாம். எளியோர்க்கு இஃது ஏற்ற வழி.

ஐந்தாவது, எழுத்து. பாமினி எழுத்துருவில் அமைத்த சொற்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாய்த் தோன்றும். ஆதலின் யூனிக்கோட்டிலேயே எழுதுக. அதிலும் கொம்பு எழுத்துக்கு முன்னே நில்லாது பின்னே நின்றால், பிரீமியர் முதலியவற்றின் அமைப்புப் பகுதியில் தெற்காசிய எழுத்துக்குரிய தெரிவை இயக்குக. பாடுவோரின் சொல்லைப் பிழைபடக் காட்டும் படமும் சிதைந்த ஏடேயாம்.

இவை எளியோர்க்கு மட்டும் உரியன அல்ல. 1998 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில், டோய் ஸ்டோரி 2 என்னும் படத்தின் கோப்புக்களிற் பெரும்பகுதி தவறான ஒரு கட்டளையால் அழிந்தது. காப்புப்படியை நாடினர், அதுவும் பழுதுற்றிருந்தது. கைக்குழந்தையின் பொருட்டு வீட்டிலிருந்து பணிசெய்த கலின் சஸ்மன் என்னும் அம்மையாரின் கணினியில் இருந்த படியே அப்படத்தைக் காத்தது.

ஆதலின் இளைஞர்காள், படியெடுத்ததோடு அமையாதீர்கள். திங்களுக்கொருமுறை அதனைத் திறந்து, தொடக்கமும் நடுவும் முடிவும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். திறந்து பாராத படி, உண்டென்று நம்பப்படும் படியேயன்றி, உள்ள படியன்று.