பேசிக்கொண்டே ஓடும் வேகம்

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ விடியற்காலையில் மைதானத்துக்குப் போனால், ஓடிக்கொண்டிருப்பவர்களில் பலர் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளாக இருப்பார்கள். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது தேர்வு விதி. அதனால் மூச்சு முட்ட ஓடுகிறார்கள். தேர்வு முடிந்ததும் பலருக்கு ஓட்டமும் முடிந்துவிடுகிறது. அதே மைதானத்தைச் சுற்றி நடக்கும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களோ, ஓட்டமெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று ஒதுங்கிப் போகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஓட்டம் இருக்கிறது. உடலும் மனமும் கேட்பது அதைத்தான்.

அதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் மாவட்டத்து வானூர் வட்டத்தில்தான் ஆரோவில்லின் பெரும்பகுதி இருக்கிறது. அங்கே 2008-இல் தொடங்கிய மாரத்தான் பிப்ரவரி மாதத்தில் நடக்கிறது. 42.195 கி.மீ., அதில் பாதி, 10 கி.மீ. என மூன்று தூரங்கள். ஒரு காலத்தில் பொட்டலாகக் கிடந்து, மரம் நட்டு நட்டுக் காடாக்கப்பட்ட செம்மண் நிலத்தில் தடம் போகிறது. பரிசுத் தொகை கிடையாது. வென்றவர் என்று யாரையும் மேடையேற்றுவதில்லை. ஓடுகிற மகிழ்ச்சிக்காக மட்டும் வாருங்கள் என்பதுதான் அழைப்பு. சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் இதற்காகவே வருகிறார்கள். திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். நம்மூர்க்காரர்கள் இன்னும் நிறையப் பேர் அங்கே ஓட வேண்டும் என்பது என் ஆசை.

வேகத்தைக் கணக்கில் எடுக்காத ஓட்டம் வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடக் கூடாது. பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில், தசைகளுக்கு வேண்டிய ஆக்சிஜன் தடையின்றிப் போய்ச் சேர்கிறது. சர்க்கரையோடு கொழுப்பும் நன்றாக எரிகிறது. வாரக்கணக்கில் இப்படி ஓடும்போது தசைச் செல்களில் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன, நுண்ணிய ரத்தக் குழாய்கள் புதிதாகக் கிளைக்கின்றன, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் ரத்தத்தில் லாக்டேட் சேரத் தொடங்கும், மூச்சு சட்டென்று கூடும், பேச்சு இரண்டு இரண்டு சொல்லாக அறுபடும். உடலியல் ஆய்வாளர்கள் இதைப் பேச்சுச் சோதனையாகவே பயன்படுத்துகிறார்கள். ஆகவே புதிதாக ஓட வருகிறவர் முதலில் தேட வேண்டியது விலை உயர்ந்த கைக்கடிகாரத்தை அல்ல, கூட ஓடுவதற்கு ஓர் ஆளை.

ஓடி முடித்தபின் வரும் இதமான மனநிலைக்கு எண்டார்பின்தான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஆனால் ரத்தத்தில் சுரக்கும் எண்டார்பின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. உடலே தயாரிக்கும் எண்டோகன்னாபினாய்டு என்ற சேர்மங்கள் நுழைந்துவிடும். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ரைக்லன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மிதமான உழைப்பில் மட்டுமே இவை குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தன. மெதுவாக நடந்தபோதும் உயரவில்லை, மிகக் கடுமையாக ஓடியபோதும் உயரவில்லை.

துணைக்கும் தனியாக ஒரு பலன் உண்டு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், படகு ஓட்டும் மாணவர்கள் ஒரே உழைப்பைத் தனியாகவும் சேர்ந்தும் செய்தார்கள். சேர்ந்து, ஒரே தாளத்தில் துடுப்புப் போட்டபோது வலி தாங்கும் திறன் கூடுதலாக இருந்தது. சில பேரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வு அது; ஆனால் கூட்டமாக நாற்று நட்டவர்களுக்கும் தேர் இழுத்தவர்களுக்கும் அதன் முடிவு புதிதாக இருக்காது.

நம்மூரில் ஓடுகிறவருக்கு முக்கியமான கேள்வி வெயில். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டுப் போகும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகும், உடல் குளிராது. கடல் பக்கம் உள்ள மரக்காணம், கோட்டக்குப்பத்தில் ஓடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நல்ல செய்தி என்னவென்றால், வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் 10 முதல் 14 நாட்களில் உடல் மாறிக்கொள்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, அதில் உப்பும் குறைகிறது. வெயிலுக்குப் பயந்து தண்ணீரை அளவில்லாமல் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடித்தால் போதும். உப்புப் போட்ட மோர் இருந்தால் இன்னும் நல்லது.

"முட்டி தேய்ஞ்சிடும்" என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான கட்டுரை, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இருந்ததாகச் சொல்கிறது. ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் அது 10.2 சதவீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களிடம் 13.3. அளவாக ஓடினால் மூட்டு பாழாகும் என்று இதிலிருந்து யாரும் சொல்ல முடியாது. ஏற்கெனவே மூட்டுவலியோ இதய நோயோ சர்க்கரையோ உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். 2021-இல் சுகாதாரத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன் 2004-இல் சாலை விபத்தில் கடுமையாக அடிபட்டவர். அதன்பிறகு ஓடத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்தார். அரசியலில் யார் எந்தப் பக்கம் நின்றாலும் இதைப் பாராட்டலாம்.

பிறருக்காக ஓடுவது இன்னொரு படி. சென்னையில் ட்ரீம் ரன்னர்ஸ் குழுவின் அரை மாரத்தான் செயற்கைக் கால்களுக்கு நிதி திரட்டுகிறது. இப்படிப்பட்ட ஓட்டங்களுக்கு ஏன் பணம் சேர்கிறது என்பதை ஒலிவோலா, ஷபீர் என்ற இரு உளவியலாளர்கள் 2013-இல் ஆராய்ந்தார்கள். உல்லாசக் கூடுகையைவிட, உடல் வருந்தி ஓடும் நிகழ்ச்சி என்றால் மக்கள் அதிகம் கொடுக்க முன்வந்தார்கள். வருத்தம் தானத்துக்குப் பொருள் சேர்க்கிறது என்பது அவர்களின் முடிவு. மயிலத்துக்குக் காவடி தூக்குகிறவருக்கு வழியெல்லாம் நீர்மோர் கொடுக்கும் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

நாமும் இப்படி ஓடலாம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ரயில் பாதையில் ஏறக்குறைய 37 கி.மீ.; நடுவில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் நிலையங்கள். அந்தத் தூரத்தை ஐந்து நண்பர்கள் பங்குபோட்டால் ஆளுக்கு எட்டு கிலோமீட்டர்கூட இல்லை. நெடுஞ்சாலை வேண்டாம், அவரவர் ஊர் ஏரிக்கரையே போதும். மூன்று மாதம் பழகிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடி, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் திரட்டும் பணத்தை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் ஏழை நோயாளிகளின் துணையாட்களுக்குச் சாப்பாடாகக் கொடுக்கலாம்.