ஆட்டங் காணக் கொழும்பு செல்லுதல்

பிரயாணத்தைத் திட்டமிடுவோர் பெரும்பாலும் புறப்படும் நேரத்திலிருந்தே கணக்கைத் தொடங்குகின்றனர். இரவிலே நடைபெறும் ஓர் ஆட்டத்தைக் காண வன்னியிலிருந்து கொழும்புக்குச் செல்வோர்க்கு அம்முறை உதவாது. அவர்கள் முதலிலே முடிவுசெய்ய வேண்டியது திரும்பும் நேரத்தையே. நுழைவுச் சீட்டு, தங்குமிடம், உணவு, இடையே காணத்தக்க இடங்கள் ஆகிய யாவும் அதன் பின்னரே ஒழுங்காகும்.

எமது பழைய மாணவர்கள் கூடும்போதெல்லாம் ஒரு விருப்பம் வெளியிடப்படுவதுண்டு. யாழ்ப்பாண அணி கொழும்பிலே ஆடும்போது நாமெல்லாம் ஒருமித்துச் சென்று பார்த்தல் வேண்டும் என்பதே அது. விருப்பம் நல்லது, ஆயினும் அது தேநீரோடு முடிந்துவிடுகின்றது. அவ்வாறு முடியாதிருத்தற்பொருட்டு இம்மலரிலே சில விடயங்களை விளக்க முற்படுகின்றோம்.

லங்கா பிரீமியர் லீக் என்னும் போட்டித் தொடர் 2020 ஆம் ஆண்டிலே ஆரம்பமாயிற்று. அணிக்கு இருபது ஓவர்கள் கொண்ட இவ்வாட்டத்தில் ஆடுவோர் ஊதியம் பெறும் தொழில்முறை வீரர்கள். யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் கிண்ணத்தை வென்றது. முதலாவது வெற்றியை எவரும் நேரிற் பார்க்கவில்லை. கொள்ளைநோய்க் காலமாதலின், அம்பாந்தோட்டையிலே பார்வையாளர் இன்றி ஆட்டங்கள் நடைபெற்றன. அணியிலுள்ளோர் பலர் யாழ்ப்பாணத்தவர் அல்லரே, பெயரளவில்தானே அது எமது அணி என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானது. எனினும், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில் இவ்வணிக்காகவே முதன்முதல் ஆடினார் என்பதையும், 2024 இல் இந்தியாவின் ஐதராபாத் அணிக்காகப் பந்து வீசினார் என்பதையும் நினைவிற் கொண்டால், அப்பெயர் வெறும் பெயர் மாத்திரமன்று என்பது புலனாகும்.

உதாரணமாக 2024 ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்வோம். அது யூலை 21 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, கொழும்பு ஆர். பிரேமதாச விளையாட்டரங்கில் நடைபெற்றது. முதல் நாளாகிய சனிக்கிழமை எசல பௌர்ணமி. காலி அணியை யாழ்ப்பாண அணி ஒன்பது விக்கெற்றுகளால் வென்றது. தென்னாபிரிக்கரான ரைலி ரூசோ சதம் அடித்தார். நான்கு ஓவர்களுக்கு மேல் மிச்சமிருக்க ஆட்டம் முடிந்தது. இத்தகைய வேகமான முடிவை எல்லா நாளும் எதிர்பார்த்தல் கூடாது. இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் வழக்கமாகப் பதினொரு மணியளவிலேயே நிறைவெய்தும். பரிசளிப்பும் வாயிலிலே நெரிசலும் சேர்ந்தால் நள்ளிரவு அணுகிவிடும். அதற்குள் வடக்கே செல்லும் இரவுத் தபால் புகையிரதம் கோட்டை நிலையத்தை விட்டுப் போய்விடும். இரவு பஸ்களிற் பெரும்பாலானவையும் புறப்பட்டுவிடும். ஆகவே, இரவு ஆட்டமாயின் ஞாயிறிரவைக் கொழும்பிற் கழித்துத் திங்கட்கிழமை திரும்புதலே முறை. திங்கட்கிழமை பாடசாலைக்கும் கந்தோருக்கும் செல்ல வேண்டியோர், லீவுக்கு ஏற்பாடு செய்தபின்னரே சீட்டு வாங்குதல் வேண்டும். ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் நடைபெறும் வேளைகளும் உள. அவற்றுள் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தைத் தெரிந்துகொள்பவர் அன்றிரவே வண்டியேறலாம். வயலும் மாடும் உடையோர்க்கு எமது சிபாரிசு இதுவே. யூலை மாதம் இரணைமடுவின் கீழ் சிறுபோகப் பயிர் நிற்குங் காலம். நீர் விடும் முறை தம்முடையதாயிருக்கும் நாளில் எவரும் ஊரை விட்டுப் புறப்படார்.

வாடகை வாகனம் ஒன்றை அமர்த்தி, ஆட்டம் முடிந்தவுடன் இரவோடிரவாகத் திரும்பிவிடலாம் என்று கூறுவோரும் உளர். இதனை நாம் சற்றேனும் விரும்பவில்லை. கொழும்பிலிருந்து கிளிநொச்சி முந்நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். காலையில் வண்டியோட்டி வந்து, மாலை முழுதும் காத்திருந்த சாரதி விடியற்காலம் மூன்று மணிக்கு ஏ9 வீதியிலே கண்ணயர்ந்தால் என்ன நேரும் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை. வவுனியாவைக் கடந்தபின் கட்டாக்காலி மாடுகள் வீதியின் நடுவே படுத்திருக்கும். வாகனத்திலேயே செல்வதாயின் சாரதிகள் இருவர் இருத்தல் வேண்டும். அல்லது சாரதிக்கும் ஒரு கட்டில் ஒழுங்கு செய்து விடிந்தபின் புறப்படுதல் வேண்டும்.

புகையிரதப் பிரயாணமே எமக்கு உகந்தது. அதற்குக் காரணம் சௌகரியம் மாத்திரமன்று. 1956 ஏப்பிரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 யூன் முதல் வவுனியாவுக்கு வடக்கே வரவில்லை. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, சிலிப்பர்க் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. இந்திய நிறுவனமொன்று பாதையை மீள அமைத்தபின், 2013 செப்டெம்பரிற் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் வண்டி மீண்டும் வந்தது. கிளிநொச்சி நிலையத்திலே இருபத்துமூன்று ஆண்டுகளாகப் புகையிரத ஓசை கேட்கவில்லை.

அவ்வாண்டுகளிற் கல்வி பயின்ற எம்மவர் பலர் இன்று நாற்பது ஐம்பது வயதினர். 1996 மார்ச் 17 இல் லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றபோது வன்னியிலே மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னால் வானொலி கேட்ட காலம் அது. சுழற்றுபவர் கை ஓய்ந்தால் வருணனையும் ஓயும். ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து தெற்கே போதல், வைத்தியத்துக்கோ வெளிநாட்டுப் பிரயாணத்துக்கோ அன்றி, விளையாட்டுப் பார்ப்பதற்கு என்று எவரும் நினைத்ததும் இல்லை. இப்பிரயாணத்தை ஒழுங்கு செய்யும் இளைஞர்கள் இவர்களை விட்டுவிட்டுப் போதல் கூடாது என்பது எமது உறுதியான கருத்து. அவர்கள் பொருட்டு நடையைக் குறைத்தல், படிகள் அதிகமில்லாத ஆசன வரிசையைத் தெரிதல், தங்குமிடத்தை அரங்குக்கு அண்மையிற் கொள்ளுதல் ஆகிய மூன்றும் செய்தாற் போதும். மின்விளக்குகள் ஒருங்கே எரியும் அவ்வரங்கினுள் அவர்கள் முதன்முறை நுழையும்போது இளைஞர்கள் அருகில் இருத்தல் நன்று.

பாதை இருந்தும் வண்டி ஓடாத காலங்களும் உண்டு. 2024 சனவரி முதல் ஒக்டோபர் வரை மாகோவுக்கும் அனுராதபுரத்துக்கும் இடையே திருத்த வேலைக்காகப் பாதை மூடப்பட்டிருந்தது. எனவே மேற்கூறிய இறுதியாட்டத்துக்கு வன்னியிலிருந்து நேரே புகையிரதத்திற் செல்ல இயலாது, பஸ்ஸே கதி. ஆட்டமும் அவ்வாறே நிச்சயமற்றது. 2025 ஆம் ஆண்டுக்கெனக் குறிக்கப்பட்ட போட்டித் தொடர் பிற்போடப்பட்டது. ஆதலின் ஆட்ட அட்டவணை வெளிவருமுன் விடுதிக்கு முற்பணம் செலுத்துதலும், நிலையத்தில் விசாரியாது நாட் குறித்தலும் தவிர்க்கத்தக்கவை. வார இறுதி வண்டிகளில் ஆசனங்கள் விரைவிலே தீர்ந்துவிடுமாதலின், திகதி உறுதியானதும் செய்யும் முதற் காரியம் ஆசனப் பதிவாக இருக்கட்டும். தேசிய அடையாள அட்டையை ஒவ்வொருவரும் கையில் வைத்திருத்தல் வேண்டும்.

தங்குமிடம் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. எம்மவர் வழக்கமாக நாடுவது வெள்ளவத்தை. உறவினர் வீடும் சைவ உணவுக் கடைகளும் அங்கே உள. ஆனால் அரங்கு இருப்பது கெத்தாராமையில், மாளிகாவத்தைப் பக்கம். நள்ளிரவிலே வெள்ளவத்தைக்குத் திரும்புவதிலும், கொட்டாஞ்சேனையிலோ புறக்கோட்டையிலோ தங்குதல் இலகு; காலையிற் கோட்டை நிலையமும் கிட்ட.

ஞாயிறு பகலிலே செய்வதற்கு யாதும் இல்லை என்று கடைத்தெருவில் அலைந்து களைப்படைதல் பலரின் வழக்கம். அதனினும் மேலான வழி உண்டு. காலையிற் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோவிலைத் தரிசிக்கலாம். 1856 இல் அமைக்கப்பெற்ற அவ்வாலயத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முற்றும் கருங்கல்லாற் கட்டுவித்தார். வெயிலேறியபின் தேசிய நூதனசாலைக்குச் செல்க. 1877 இல் திறக்கப்பெற்ற அந்நூதனசாலையிலே தமிழர் எவரும் பாராது திரும்பக்கூடாத கல் ஒன்று உளது. சீனக் கடற்படைத் தலைவரான செங் ஹோ கொண்டுவந்து நாட்டிய மும்மொழிக் கல்வெட்டு அது. 1409 ஆம் ஆண்டு பொறிக்கப்பெற்று, 1911 இல் காலி நகரிற் கண்டெடுக்கப்பட்டது. சீனப்பகுதி புத்தருக்கும், பாரசீகப்பகுதி அல்லாவுக்கும், தமிழ்ப்பகுதி தென்னாவர நாயனாருக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றன. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் சீனப் பேரரசர் ஒருவர் இத்தீவிலே தமிழில் எழுதுவித்தார் என்பதை எம் பிள்ளைகள் பாடப்புத்தகத்திற் படிப்பதிலும் கண்ணாற் காண்பது நன்று. பொது விடுமுறை நாளாயின், நூதனசாலை திறந்திருக்குமா என்பதை முன்னரே கேட்டறிக. மூன்று மணிக்குமேல் எல்லோரும் அறைக்குத் திரும்பிச் சிறிது உறங்குதல் அவசியம்.

யூலை மாதத்திலே வன்னியில் மண் வரண்டு சோழகம் வீசும். குடையை எவரும் நினையார். கொழும்பிலோ அது தென்மேற்குப் பருவமழை அடங்கிவிடாத காலம். மழையாற் சில ஓவர்கள் இழக்கப்பட்டால் இலக்கு மாற்றிக் கணிக்கப்படும். ஒவ்வோரணியும் குறைந்தது ஐந்து ஓவர்களேனும் ஆடினாலன்றி முடிவு காணப்படாது. ஆகவே தூறல் கண்டவுடன் எழுந்துபோதல் கூடாது. பலமுறை பத்து மணிக்குமேல் ஆட்டம் மீண்டும் தொடங்கியதுண்டு. அரங்கு 1986 இல் திறக்கப்பட்டது. கூரையில்லாத ஆசனங்கள் அங்கே பல. 1997 ஓகஸ்ற்றில் இந்தியாவுக்கெதிராக இலங்கை 952 ஓட்டங்களைக் குவித்ததும், சனத் ஜயசூரிய 340 ஓட்டங்கள் எடுத்ததும் இங்கேயே என்பதைத் துணைவரும் சிறுவர்க்குச் சொல்லிவைக்கலாம்.

திங்கட்கிழமை காலை வண்டியேறினால் ஆறேழு மணி நேரத்திற் கிளிநொச்சியை அடையலாம். பஸ்ஸில் வருவோர் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வருவர். அதற்கும் பத்து நிமிடம் கணக்கில் வைத்திருத்தல் நலம். முல்லைத்தீவு நண்பர்களுக்கோ புகையிரத நிலையம் ஊரில் இல்லை. அவர்கள் மாங்குளத்தில் இறங்கி ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் கிழக்கே செல்லவேண்டும். வண்டி தாமதித்தால் மாலை பஸ் தவறிவிடும். எனவே அவர்களை ஏற்றிச்செல்ல ஒரு வாகனத்தைப் புறப்படும் நாளிலேயே பேசிவைத்து, அதன் கூலியையும் எல்லோருக்கும் பொதுவான செலவிற் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.