எண்ணெய்க்கு மூடி போட்ட பாறை

டெல்லிக்கு வந்துசேரும் இயற்கை எரிவாயுவில் ஒரு பகுதி, மும்பைக்கு அப்பால் அரபிக்கடலின் அடியில் உள்ள வசாய் வயலிலிருந்து கிளம்புகிறது. 1976இல் கண்டுபிடிக்கப்பட்ட வயல் அது. வாயு ஹசீராவில் கரையேறி, எச்.வி.ஜே. எனப்படும் குழாய் வழியாக வடக்கே போகிறது. கடலடிச் சுண்ணாம்புப் பாறையின் நுண்துளைகளில் இருந்த அந்த வாயு இத்தனை காலம் மேலே கசிந்து ஓடாததற்குக் காரணம், அதன் தலைமேல் படிந்த ஷேல் என்ற களிப்பாறை. எண்ணெய்த் துறையில் இதை மூடுபாறை என்கிறார்கள்.

வாயுவும் எண்ணெயும் நீரைவிட இலேசானவை. நிலத்தடி நீரில் அவை ஓயாமல் மேலே முட்டுகின்றன. அடர்த்தி வித்தியாசம் கன சென்டிமீட்டருக்கு 0.3 கிராம் என்றால், 100 மீட்டர் உயர எண்ணெய் மூடுபாறையை முட்டும் அழுத்தம் ஏறக்குறைய 3 பார். வாயுவுக்கு அந்த வித்தியாசம் 0.8 கிராமாகலாம், அப்போது அது 8 பாரை நெருங்கும். களிப்பாறையின் துளைகள் மிக நுண்ணியவை, அவற்றில் நீர் இறுக ஒட்டியிருக்கிறது. அந்த நீரைத் தள்ளிக்கொண்டு நுழையும் வலு எண்ணெய்க்கோ வாயுவுக்கோ வரும்வரை மூடி தாங்கும்.

அந்த வலு எவ்வளவு என்று ஆய்வகத்தில் பாதரசத்தைக் கொண்டு அளக்கிறார்கள். துரப்பணச் சேறு மேலே கொண்டுவரும் சாம்பல் நிறச் சில்லுகளைக் கழுவி, உலர்த்தி, ஆழம் எழுதிய பையில் போட்டு வைப்பார்கள். அதிலிருந்து நகக்கண் அளவே உள்ள சில சில்லுகளைக் கண்ணாடிக் குடுவையில் இட்டு, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, பாதரசத்தைப் படிப்படியாக அழுத்துவார்கள். இக்கருவிகள் 4,000 பார் வரை போகும். பாதரசம் துளைகளுக்குள் புகத் தொடங்கும் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, அதை நிலத்தடிக்கு ஏற்ப மாற்றுவார்கள். வாயுவுக்கு அது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகும். பாதரசம் 70 பாரில் நுழைந்தால் வாயு 10 பாரில் நுழையும். அப்படியானால் அந்தப் பாறை சுமார் 125 மீட்டர் வாயுவைத் தாங்கும்.

கணக்கு எளிது. ஆனால் சில்லு நகக்கண் அளவு, வயலோ பல சதுர கிலோமீட்டர். ஷேலில் ஓரிடத்தில் மணல் கலந்திருந்தாலும், ஒரு பிளவு திறந்திருந்தாலும் போதும். ஆய்வகத்து எண் எத்தனை பெரிதாக இருந்தாலும் வாயு அந்த வழியே போய்விடும். நிலத்தடி அழுத்தம் அளவுமீறினால் மூடியே விரிசல் விடும். இதனால்தான் பிளவு நெடுகக் களிமண் எவ்வளவு பூசப்பட்டிருக்கிறது, பாறை எந்த அழுத்தத்தில் உடையும் என்பவற்றையும் தனித்தனியே பார்க்கிறார்கள்.

எண்ணெய் தங்காமல் போனால் இழப்பு பெரிது. அலாஸ்கா கடலில் மக்லக் என்ற இடத்தில், குத்தகைக்கும் கிணற்றுக்குமாக 100 கோடி டாலருக்கு மேல் செலவானது. 1983இல் தோண்டிய அந்தக் கிணற்றில் கிடைத்தது எண்ணெய்க் கறை மட்டுமே. அங்கே எண்ணெய் ஒருகாலத்தில் இருந்தது, பிறகு வெளியேறிவிட்டது.

ராஜஸ்தானின் பாகேவாலாவில் கதை வேறு. 1991இல் ஆயில் இந்தியா அங்கே கண்டுபிடித்த கனமான எண்ணெய், 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஜோத்பூர் மணற்பாறையில் இருக்கிறது. அதற்கு மேலே தடித்த உப்புப் படிவங்கள் கிடக்கின்றன. உப்பு அழுத்தத்தில் உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும், விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும். மூடுபாறைகளில் அதற்கு நிகரில்லை. நம் காவிரிப் படுகையில் சாத்தப்பாடி என்ற பெயரால் குறிக்கப்படும் ஷேல், எண்ணெயை உருவாக்கும் தாய்ப்பாறையாகவும் மூடியாகவும் இரட்டை வேலை செய்கிறது.

இருந்தும் கிணறு தோண்டும்போது முழு உருளை மாதிரி பெரும்பாலும் எண்ணெய் தேங்கும் பாறையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. மூடிக்குச் சில்லுகளே கதி. பணம் தருவது தேக்கப்பாறை என்பதால் இப்படி நடக்கிறது. ஆனால் மூடி ஏமாற்றினால் தேக்கப்பாறையின் தரத்தால் பயன் ஒன்றுமில்லை.

இது இனி எண்ணெயோடு நிற்கும் கவலையும் அல்ல. குஜராத்தின் காந்தார் வயலில் கரியமில வாயுவைச் செலுத்தி எண்ணெய் எடுக்க ஓ.என்.ஜி.சி.யும் இந்தியன் ஆயிலும் 2019இல் ஒப்பந்தம் செய்தன. கீழே அனுப்பிய வாயு அங்கேயே தங்குமா என்ற கேள்விக்கும் மூடுபாறைதான் பதில் சொல்ல வேண்டும். டெல்லியை அடுத்த நொய்டாவில் 2017இல் தொடங்கிய தேசியத் தரவுக் களஞ்சியம், புதிய நிலப்பகுதிகளை ஏலம் கேட்போருக்கு நிலத்தடித் தகவலைத் தருகிறது. பெட்ரோலிய அமைச்சகம் ஒவ்வொரு புதிய வயலிலும் ஒரு கிணற்றிலாவது மூடுபாறையின் முழு உருளை மாதிரியைக் கட்டாயமாக்கி, அதன் சோதனை முடிவுகளை இந்தக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும்.