கிற்றாரும் வால்வுப் பெட்டியும்

எங்கள் பாடசாலைக்கு அண்மையில் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் ஒருவரின் அன்பளிப்பு அது. இரு மாணவர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கிவர வேண்டிய பாரம். உறையின் மீது 'அம்பிளிபயர்' என்ற சொல்லைக் கண்டதும் ஆசிரியர் அறையில் மகிழ்ச்சி பொங்கியது. பரிசளிப்பு விழாவுக்கு இனி ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டவர் பலர். பிரித்துப் பார்த்த பின்னரே அது மின்கிற்றாருக்கென்று ஆக்கப்பெற்ற, வால்வுகளால் இயங்கும் பெட்டி என்பது தெரிந்தது. "அனுப்பியவருக்கு எழுதி மாற்றிக்கொள்ளலாம்" என்றார் ஒருவர். "வால்வெல்லாம் அந்தக் காலத்துச் சாமான் அல்லவா, சேர்?" என்றார் மற்றொருவர். கலைப்பட்டதாரியாகிய எனக்கு மின்னியல் அந்நியம். ஆயினும் முடிவு கூறும் பொறுப்பு அதிபருடையது ஆகையால், முதலில் கேட்டுப் பார்ப்போம் என்றேன்.

அந்தக் காலத்துச் சாமான் என்பது உண்மைதான். ஆயினும் அந்தக் காலம் தோட்டத்து மக்களுக்கு வாய்க்கவேயில்லை. 1925 ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிற்று. அதன் பின் பல ஆண்டுகள் வானொலிப் பெட்டி என்றாலே வால்வுப் பெட்டிதான். வால்வுப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இலேயே எடுத்துரைத்த நீர்மின் திட்டம் 1950 இல் லக்சபானவில் நிறைவேறியபோது, அட்டனுக்கு அண்மையிலே பிறந்த அந்த மின்சாரம் எங்கள் தலைக்கு மேலே கம்பிவழி கடந்து சென்றது. கம்பிக்குக் கீழிருந்த லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே நெடுங்காலம் எரிந்தது. துரையின் பங்களாவிலும் நகரத்துக் கடையிலும் வால்வு வானொலியின் பச்சைக் கண் மினுங்கியது. லயத்துக்குப் பெரும்பாலும் முதலில் வந்தது பற்றரியால் இயங்கிய டிரான்சிஸ்டர் வானொலியே. ஆகவே எங்கள் மாணவர் மட்டுமன்றி அவர்தம் பெற்றோருட் பலரும் எரியும் வால்வை முதன்முறையாகக் கண்டது இப்பெட்டியிலேதான்.

ஆளியைப் போட்டவுடன் ஓசை எழவில்லை. பழுதோ என அஞ்சினோம். சிறிது நேரத்தில் பின்புறத்துக் கண்ணாடிக் குழாய்களுக்குள் செந்தணல் போன்ற ஒளி தோன்றிற்று. அரை நிமிடம் செல்ல, மெல்லிய இரைச்சலொன்று எழுந்தது. குளிர் மிகுந்த காலை அது. சிறுவர் இருவர் பெட்டியின் பின்னே கை நீட்டிக் குளிர்காயத் தொடங்கிவிட்டனர். கிற்றார் வாசிக்கும் மாணவனின் தந்தையும் அன்று வந்திருந்தார். காமன் கூத்துக்குத் தப்படிப்பவர். தணலைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்கும் சூடு காட்டணுமா, ஐயா?" என்று கேட்டார். எங்கள் மலையின் ஈரக்காற்றில் தப்பின் தோல் தளர்ந்துவிடும். வைக்கோல் மூட்டிச் சூடு காட்டிய பின்னரே அது பேசும். அவர் கேள்வி பொருத்தமானதே.

ஆனால் வால்வுக்குச் சூடு வேண்டிய காரணம் வேறு. காற்று நீக்கப்பட்ட குழாயினுள் ஓர் உலோகப் பகுதி சூடேறும்போது அதிலிருந்து இலத்திரன்கள் வெளிப்படும். எதிரேயுள்ள தகடு அவற்றை ஈர்க்கும். 1904 இல் பிளெமிங் என்னும் ஆங்கிலேயர் செய்த வால்வில் இவ்விரு உறுப்புகளே இருந்தன. சில ஆண்டுகளில் அமெரிக்கரான டி பொரெஸ்ற் இவற்றினிடையே கம்பியாலான ஒரு சல்லடையைச் சேர்த்தார். அச்சல்லடையை வாய்க்காலின் மடையாக எண்ணிக்கொள்ளுங்கள். மடைப்பலகையைச் சற்றே அசைக்கச் சிறுவனின் கை போதும். அதற்கேற்பக் கூடுவதும் குறைவதும் பெருவெள்ளம். கிற்றார்த் தந்தியின் அதிர்வால் எழும் மிகச் சிறு மின்துடிப்பே அந்தக் கை.

டிரான்சிஸ்டரும் இதே வேலையைச் செய்யும்; குறைந்த விலையிலும் குறைந்த எடையிலும் செய்யும். பின்னர் ஏன் இந்தப் பாரத்தைச் சுமக்கிறார்கள்? மாணவன் தந்தியை மீட்டியபோதுதான் விடை கிடைத்தது. மெல்லத் தொட்டபோது ஒலி தெளிந்த நீர்போல் இருந்தது. அழுத்தி மீட்டினான்; ஒலி பெரிதாகவில்லை, தடித்தது, கரகரத்தது, தேம்பியது. வால்வு தன் எல்லையை நெருங்கும்போது ஒலியலையின் உச்சியை வெடுக்கென வெட்டாமல் படிப்படியாக மழுக்குகிறது. அம்மழுங்கலில் மூல ஒலியில் இல்லாத மேலொலிகள் பிறக்கின்றன. ஸட்ஜத்தை மீட்டினால் மேல் ஸட்ஜமும் அதற்கு மேலுள்ள பஞ்சமமும் வலுப்பெற்றுக் கலந்து ஒலிக்கும். பொறியியலார் இதனைப் பிழை என்பர். நம் தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் இடையே நூல் செருகி வேண்டுமென்றே ஒரு கார்வையை உண்டாக்குகிறோமே, அதனைப் பிழை என்று எவரும் சொல்வதில்லை.

இப்பெட்டிகளின் முன்னோரும் வானொலிக் குடும்பத்தவரே. கலிபோர்னியாவில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்த லியோ பெண்டர் அம்பிளிபயர் செய்யத் தொடங்கினார். அவருடைய 'பாஸ்மன்' என்ற பெட்டியை மாதிரியாகக் கொண்டு, இலண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய முரசுக் கலைஞர் ஜிம் மார்ஷல் 1962 இல் தமது பெட்டியை உருவாக்கினார். அக்காலத்து இளைஞர்கள் கரகரப்பை விரும்பித் தேடினர். கிங்ஸ் என்னும் குழுவின் டேவ் டேவிஸ், 1964 இல் வெளிவந்த ஒரு பாடலுக்காகத் தம் ஒலிபெருக்கியின் கூம்பைச் சவரத் தகட்டால் கீறினார். எம் மாணவர் இதனைப் பின்பற்ற வேண்டாம் என்று கண்டிப்பாகவே கூறியிருக்கிறேன்.

நாங்கள் ஒலிபெருக்கி என்றால் திருவிழாக் கம்பத்தில் கட்டிய கூம்புகளையே அறிவோம். எவ்வளவு தூரம் கேட்கிறது என்பதே அதற்கு அளவுகோல். இப்பெட்டிக்கு அந்த அளவுகோல் செல்லாது. இதன் வலு 15 வாற்று மட்டுமே. வகுப்பறைக்கு அதுவே மிகுதி. கேட்கும் ஓசை இருமடங்காக வேண்டுமானால் வலுவை ஏறக்குறையப் பத்து மடங்காக்க வேண்டுமாம்! எனவே பெரிய எண்ணைக் கண்டு மயங்குவதில் பொருளில்லை. இங்கே ஓசையின் அளவை ஆள்வது திருகு மட்டுமன்று. வாசிப்பவனின் விரலும் ஆள்கிறது. அவன் சோர்ந்தால் பெட்டியும் சோர்கிறது. ஆகவே இதையும் ஒரு வாத்தியம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆயினும் பரிசளிப்பு விழாவை மறக்காத நண்பருக்காக ஒலிவாங்கியையும் இணைத்துப் பார்த்தோம். கிற்றாருக்கான ஒலிபெருக்கி ஏறக்குறைய 5000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைப் பெரிதும் கைவிட்டுவிடும். கிற்றாருக்கு அது நன்மை, பேச்சுக்குத் தீமை. மேடையில் "சபையோரே" என்றார் நண்பர். சகரத்தின் சீறல் மங்கி, அவர் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோற் கேட்டது. மாணவர் சிரித்தனர், நண்பரும் சிரித்தார். வாடகை ஒலிபெருக்கிக்கு இவ்வாண்டும் பணம் ஒதுக்கியாயிற்று.

சில எச்சரிக்கைகளையும் பெட்டியருகே எழுதி ஒட்டியிருக்கிறோம். சுவரிலிருந்து 230 வோல்ற்றில் நுழையும் மின்சாரம் உள்ளே 300 வோல்ற்றுக்கு மேலும் உயர்த்தப்படுகிறது. இணைப்பைக் கழற்றிய பின்னும் மின்தேக்கிகள் அதனைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். ஆதலால் பயிற்சி பெற்றவரன்றி எவரும் திறத்தல் ஆகாது. ஒலிபெருக்கியின் இணைப்பு இல்லாமல் இயக்கினால் மின்மாற்றி கெடும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் எங்கள் மலைகளில் பிற்பகல் இடி முழங்குவது வழக்கம். முதல் முழக்கத்திலேயே செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். வால்வுகள் தேய்பவை, அவற்றைச் செய்யும் ஆலைகளும் ரஷ்யா, சிலோவாக்கியா, சீனா போன்ற சில நாடுகளிலேயே எஞ்சியுள்ளன.

கடைசிப் பாடவேளை முடிந்ததும் அம்மாணவன் இசையறைக்கு வருகிறான். தந்தையின் தப்பிலே கேட்டு வளர்ந்த அடிகளைத் தந்தியில் தட்டிப் பார்க்கிறான். சில நாள் சரியாக வருகிறது. பல நாள் வருவதில்லை. அன்பளிப்புச் செய்தவருக்கு நான் கடிதம் எழுதினேன். பெட்டியை மாற்ற வேண்டாம், இயலுமானால் ஈ.எல். 84 என்னும் வால்வு ஒரு சோடி மேலதிகமாக அனுப்புக என்று கேட்டிருக்கிறேன்.