சிறகுக்கு எந்த வெளிச்சம்?

மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் கேமராவோடு வருபவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். லென்சுக்குத் தாராளமாகச் செலவழித்திருப்பார்கள்; வெளிச்சத்துக்கு மட்டும் வெயிலையே நம்பி வந்திருப்பார்கள். ஸ்ரீரங்கத்தை அடுத்து, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலணைக் காப்புக்காட்டில் சுமார் 25 ஏக்கரில் 2015 நவம்பரில் திறந்த பூங்கா இது. எலுமிச்சை அழகி முட்டையிடக் கறிவேப்பிலையைத் தேடும், வெந்தய வரியன் எருக்கை. மேக்ரோ பழக இதைவிடத் தோதான இடம் திருச்சிப் பக்கம் இல்லை. வெயில்தான் சிக்கல். முற்பகலிலேயே சிறகின் வெள்ளைப் புள்ளிகள் வெளிறிப்போகும், உடல் கறுத்து அடைந்துவிடும். நிழலுக்குப் போனாலோ வெளிச்சம் பற்றாது.

அது பற்றாமல் போவதற்குக் கணக்கு இருக்கிறது. பூச்சியின் பிம்பம் சென்சாரில் அசல் அளவுக்கே, அதாவது 1:1 ஆக விழும்போது, சென்சாரை எட்டும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். முழு அளவு சென்சாரில் எஃப் 11 வைத்தாலும் கூர்மையாக விழும் ஆழம் ஒன்றரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. கண் தெளிந்தால் சிறகு மங்கும். அப்பர்ச்சரை இன்னும் மூடலாம். மூட மூட இருட்டு. போதாக்குறைக்கு ஆடிக் காற்று வேறு. அந்த மாதத்தில் காவிரிக்கரையில் எந்த இலை சும்மா இருக்கிறது?

அதனால் ஃபிளாஷ் வேண்டும். அதை முழுச் சக்தியில் அடிக்கத் தேவையில்லை. 1/32 அளவுக்குக் குறைத்தால் அது மின்னி அணையும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடப் பல மடங்கு குறைவு. நிழலான இடத்தில், ஃபிளாஷ் ஒளியே முதன்மையாக இருக்கும்போது, இலையின் ஆட்டம் படத்தில் தெரியாது.

கடையில் ‘மேக்ரோவுக்கு’ என்று கேட்டால் பெரும்பாலும் ரிங் ஃபிளாஷைத்தான் எடுத்து வைப்பார்கள். லெஸ்டர் டைன் அதை 1952இல் உருவாக்கியது பல் மருத்துவப் படங்களுக்காக. வாய்க்குள் நிழல் விழக்கூடாது, சரி. வண்ணத்துப்பூச்சிக்கு அந்த நிழல் வேண்டும்; அது இல்லாவிட்டால் சிறகு ஸ்டிக்கர் ஒட்டியதுபோலத் தட்டையாகிவிடும். டனாய்டு எக்ஃபிளை ஆணின் வெள்ளைப் புள்ளிகளைச் சுற்றித் தெரியும் ஊதா மினுக்கம் நிறமியால் வருவதல்ல, செதிலின் நுண்ணமைப்பால் வருவது. வெளிச்சத்தின் கோணம் மாறினால் காணாமலே போகும். அதைப் பிடிக்க, பக்கவாட்டுக்கு நகர்த்தக்கூடிய விளக்கு வேண்டும். ரீல்ஸ் எடுக்கும் எல்இடி வளையம் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது: காற்றை வெல்லச் சக்தியில்லை.

இரட்டைத் தலை மேக்ரோ ஃபிளாஷ் நல்லதுதான், விலைதான் கடிக்கும். அதன் சின்னத் தலைகளுக்கும் மேலே ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் ஒரு டிஃப்யூசர் மாட்டியே ஆகவேண்டும். அப்படியானால் சாதாரண ஸ்பீட்லைட் ஒன்று, கோடாக்ஸ் போன்ற விலை குறைந்த நிறுவனத்தினுடையதே போதும். மிச்சப் பணத்தை லென்சுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஃபிளாஷைவிட டிஃப்யூசர்தான் முக்கியம் என்பேன். பூச்சியின் பார்வையில் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு மென்மை. திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் ஏதாவது ஸ்டேஷனரி கடையில் டிரேசிங் பேப்பர் வாங்கி, அட்டையில் வளைத்து ஒட்டி, லென்சின் முனைக்கு மேல் குடைபோல நீட்டினாலே படம் மாறிவிடும். 100 மி.மீ. லென்சில் 1:1 எடுக்கும்போது பூச்சிக்கும் லென்ஸ் முனைக்கும் சுமார் 14 செ.மீ. இடைவெளி கிடைக்கும். 60 மி.மீ. என்றால் இன்னும் நெருங்கவேண்டும். லென்சின் நிழலே பூச்சிமேல் விழும். விளக்கு வாங்குமுன் இந்த இடைவெளியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கல்லுக்குக் கதை வேறு. திருச்சியின் குடிசைத் தொழிலான செயற்கை வைரக்கல்லைப் படமெடுப்பவருக்கு எல்இடியே வசதி. கல் அசையாது, எந்தப் பட்டை மின்னுகிறது என்று பார்த்துப் பார்த்து விளக்கை நகர்த்தலாம்.

பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நுழைவுச்சீட்டு வாங்கும்போதே ஃபிளாஷ் போடலாமா என்று கேட்டுவிடுங்கள். வெளிச்சத்துக்காக இலையைக் கிள்ளாதீர்கள், கூட்டுப்புழு தொங்கும் கொம்பை வளைக்காதீர்கள். அது காப்புக்காடு, ஸ்டுடியோ அல்ல.