பதுளைக்குத் திரும்பி வருபவர்கள்

கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்பட்டு மலையேறி வரும் இருப்புப் பாதை பதுளையோடு முடிந்துவிடுகிறது. 1924ஆம் ஆண்டில் இவ்வூரை எட்டிய அந்தப் பாதையின் வழியாகத் தேயிலை கீழே இறங்கிற்று, அரிசியும் துணிமணியும் மேலே ஏறின; பின்பு ஒரு காலத்தில், பதுளையைச் சூழ்ந்த ஊவா மலைகளிலேயே பிறந்து வளர்ந்த ஜனங்கள் குடும்பம் குடும்பமாக அதில் ஏறி, பொல்காவலையும் மதவாச்சியும் கடந்து தலைமன்னாரை அடைந்து, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் போனார்கள். ஏறியவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் ஒருசேரக் கதறியதனால் மலைநாட்டார் அந்த ரயிலை ‘அழுகைக் கோச்சி’ என்றே சொன்னார்கள். அப்படிப் போனவர்களில் சிலர், தலை நரைத்துப்போன இந்நாளில், மக்களையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பிறந்த தோட்டத்தையும் உடன் வளர்ந்த சிநேகிதர்களையும் ஒருமுறை கண்டுவிட வேண்டும் என்ற ஆசையோடு பதுளைக்கு வருகிறார்கள்.

இவர்கள் ஏன் போனார்கள் என்பதை இளைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுதந்திரம் பெற்ற இலங்கை 1948ஆம் ஆண்டில் இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டத்தினால், தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் எந்தத் தேசத்துக்கும் உரியவராகாத நிலையை அடைந்தார்கள். 1964 அக்டோபர் 30ஆம் தேதி இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம், அவ்வாறு நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று விதித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு தேசங்களும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது, ஒப்பந்தம் எதிர்பார்த்ததற்கு மாறாக, இலங்கையிலேயே இருக்க விரும்பியவர்களே மிகுதியாக இருந்தார்கள்; எனினும் எழுதிய கணக்கை மாற்ற யாரும் முன்வரவில்லை. தலைகளை எண்ணிய அந்த ஒப்பந்தம் உறவுகளை எண்ணவில்லை என்பதே அதன்மேல் எனக்குள்ள தீராத மனத்தாங்கல். தமையனுக்கு இந்தியப் பாஸ்போட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்த வீடுகள் உண்டு; வரிசை வீடுகளான லயங்களில் ஒரே லயத்திலேயே, சுவருக்கு இந்தப்புறம் ஒரு தேசம், அந்தப்புறம் மற்றொரு தேசம் என்று ஆகிப்போன அயலவர்கள் உண்டு.

போனவர்களுக்கெனத் தமிழ்நாடு அரசு 1968ஆம் ஆண்டில் நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. டான்டீ என்று இன்று வழங்கும் அந்தத் தோட்டங்களில், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடிப் பக்கங்களில், ஊவாவில் பழகிய கைகள் மறுபடியும் கொழுந்து பறித்தன. அந்த வாய்ப்பும் கிட்டாமல், கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாக உழன்றவர்களின் துயரம் தனியே எழுதத்தக்கது. இலங்கையில் யுத்தம் மூண்டது, 1984ஆம் ஆண்டில் தலைமன்னார்க் கப்பல் நின்றது, கடிதங்கள் முதலில் அருகி, பிறகு அறவே நின்றுபோயின. இலங்கையில் ‘இந்தியாக்காரர்’ என்று பெயர் வாங்கியவர்கள் நீலகிரியில் ‘சிலோன்காரர்’ ஆனார்கள்.

இந்நாளில் ஒரு குடும்பம் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறந்த மண்ணைப் பார்க்கச் சுற்றுலா விசா வேண்டியிருக்கிறது. பல வருஷத்துச் சேமிப்பு பிரயாணத்துக்கே சரியாகிவிடுகிறது. பதுளையில் இறங்கியதும் பெரியவர் முதலில் பஜார் வீதியைத் தேடுகிறார். தீபாவளிக்குத் துணி எடுத்த கடை எங்கே என்று கேட்கிறார். 1983 ஜூலைக் கலவரத்தில் இந்நகரத்துத் தமிழ்க் கடைகள் பல தீக்கிரையானதை அவருக்கு யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. பிறகு பசறைக்கோ லுணுகலைக்கோ மடுல்சீமைக்கோ பஸ். அதற்கப்பால், நமுனுகலை மலை ஒருபுறம் தெரிய, தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறும் ஆட்டோப் பிரயாணம்.

தோட்டத்தில் நிகழ்வதே இவ்விஷயத்தின் ஜீவன். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவும், காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பிரட்டுக்களமும், மாரியம்மன் கோவிலும் பெரும்பாலும் அந்தந்த இடத்திலேயே இருக்கின்றன. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்களைக் கொண்ட லயங்களும், தகரம் மாறியிருக்கலாமேயன்றி, பல இடங்களில் அப்படியே நிற்கின்றன. அந்நியர் யாரோ வந்திருப்பதாக எண்ணி ஜனங்கள் ஒதுங்கி நிற்கையில், திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒரு கிழவி, “நீங்க எந்த லயத்து ஆளுக தம்பி?” என்று கேட்கிறாள். பெரியவர் லயத்தின் நம்பரைச் சொல்லி, தகப்பனார் பேரைச் சொல்லி, எந்தக் கங்காணியின் பிரட்டில் அவர் பேர் பதிந்திருந்தார் என்பதையும் சொல்கிறார். “அடியாத்தே, நம்ம அண்ணன் மகனா!” என்று அவள் எழுந்துவிட்டால், அதற்குமேல் பேச்சுக்கு இடமில்லை. அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கிறது. ரொட்டியும் சம்பலும் வருகின்றன. அந்தி சாய்வதற்குள் லயம் முழுவதும் கூடிவிடுகிறது. கூடலூரில் பிறந்த பேரன், தன் பாட்டி வீட்டில் பேசும் அதே பாஷையைக் கடல் கடந்த மலையில் கேட்டுத் திகைத்து நிற்கிறான்.

எல்லார்க்கும் இப்பாக்கியம் வாய்ப்பதில்லை. தேடி வந்த சிநேகிதர் 1977ஆம் ஆண்டில் தமிழருக்கு எதிராக மூண்ட கலவரத்துக்குப் பின் வவுனியாவுக்குக் குடிபெயர்ந்திருப்பார். அல்லது அவர் பிள்ளைகள் கொழும்பில் கடை வேலைக்குப் போயிருப்பார்கள். கொஸ்லாந்தைக்கு அருகில் மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடிவிட்டது. அங்கே தேடி வருபவருக்குக் காட்ட வீடு இல்லை. இம்மக்களின் வாழ்வை எழுதிய தெளிவத்தை ஜோசப் ஊவாக் கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். அவரும் 2022ஆம் ஆண்டில் காலமானார். பழைய சங்கதிகளைக் கேட்டறிய ஏற்றவர்கள் வருஷந்தோறும் குறைந்துகொண்டே போகிறார்கள்.

ஆகையால், நீலகிரியிலும் திருச்சியிலும் பிற ஊர்களிலும் உள்ள தாயகம் திரும்பியோர் குடும்பத்து இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பாஸ்போட்டையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் அதில் இருக்கும், ஜனங்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் பெரியவர்களின் நாவில் இருக்கும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். டிவிசன், லயத்தின் நம்பர், கங்காணியின் பேர், அண்டை வீட்டார் பேர் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள்; ஊவாவில் ஆளைக் கண்டுபிடிக்க உதவுபவை இவைதாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023ஆம் ஆண்டில் மறுபடியும் கப்பல் விடப்பட்டது. அங்கிருந்து பதுளை நெடுந்தூரமே ஆயினும், விமானக் கட்டணம் கொடுக்க இயலாதவர்க்கு அத்தகைய கப்பலே கதி. ஒப்பந்தம் எழுதி இம்மக்களைப் பிரித்த இரண்டு அரசாங்கங்களும், அவர்கள் தம் உறவினரைக் கண்டு வருவதற்கு விசா நடைமுறையையாவது எளிதாக்கிக் கொடுக்க வேண்டும்.